இருபதுக்குப் பதினெட்டு வாங்கியும் மெயிலில் சிவப்புக் கோடு

கேள்வி: ஐயா, செக்கானூரணியிலிருந்து தினமும் கப்பலூர் சிட்கோவுக்கு வேலைக்குப் போகிறேன். ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பி.காம். சென்ற ஆண்டு முதல் வெளிமாநில வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் செல்போனில் கிராமர் டெஸ்ட் எழுதிப் பார்க்கிறேன். இருபதுக்குப் பதினேழு, பதினெட்டு வருகிறது. ஆனால் என் மெயிலில் மேலாளர் சிவப்புக் கோடு போடாத நாள் இல்லை. போன வாரம் கோடு விழுந்தது இதற்கு: 'வீ ஹேவ் டெஸ்பாட்ச்டு த கூட்ஸ் யெஸ்டர்டே. கைண்ட்லி கன்ஃபர்ம் தட் வென் யூ வில் ரிசீவ்.' என்ன தப்பு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் உண்மையான தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டுமா? மதுரையில் ஓரிடத்தில் மூன்று மாத வகுப்புக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செக்கானூரணி

பதில்: உங்கள் மதிப்பெண்ணும் பொய் இல்லை, மேலாளரின் கோடும் பொய் இல்லை. இரண்டும் அளப்பது வேறு வேறு. செல்போன் டெஸ்டில் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இருபதில் சராசரியாக ஐந்து சரியாகிவிடும். நான்கில் இரண்டு பார்த்தவுடனே அபத்தம் என்று தெரிந்துவிட்டால் அந்த ஐந்து பத்தாகிவிடும். அதற்கு மேலே உள்ளது நீங்கள் படித்துச் சம்பாதித்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேள்வியே துப்புக் கொடுத்துவிடுகிறது. கோடிட்ட இடம் இருந்தால் அங்கேதான் சிக்கல் என்று தெரிகிறது. மெயில் எழுதும்போது கோடிட்ட இடம் எது என்று யார் காட்டுகிறார்கள்? பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்ல எல்லோராலும் முடியும். முந்நூறு பேருக்கு உலை வைக்கிறவருக்கு அந்தத் திறமை மட்டும் போதாது.

அந்த இரண்டு வாக்கியங்களைப் பார்ப்போம். 'ஹேவ் டெஸ்பாட்ச்டு' சரிதான், 'யெஸ்டர்டே'யும் சரிதான், இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரக் கூடாது. நேற்று, போன வாரம், 2023-ல், பத்து நிமிடத்துக்கு முன் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலம் சிம்பிள் பாஸ்ட் கேட்கும்: 'வீ டெஸ்பாட்ச்டு த கூட்ஸ் யெஸ்டர்டே.' நேரத்தைச் சொல்லாமல், சரக்கு கிளம்பிவிட்டது என்ற சேதியை மட்டும் சொல்வதானால் 'வீ ஹேவ் டெஸ்பாட்ச்டு த கூட்ஸ்.' இந்த விதியை நான்கு விடைகளோடு கேட்டிருந்தால் நீங்கள் சரியாகத் தொட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். எழுதும்போது ஏன் வழுக்குகிறது? தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறோம்' என்று தாராளமாகச் சொல்கிறோம். நம் மொழி அனுமதிப்பதை ஆங்கிலம் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் உள்ள 'தட்' நம்முடைய 'என்று'தான். 'எப்போது கிடைக்கும் என்று சொல்லுங்கள்' என்பதில் இருக்கும் 'என்று' ஆங்கிலத்துக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கேள்விச் சொல் இருக்கும் இடத்தில் 'தட்' வேண்டியதில்லை. அதை எடுத்த பிறகும் ஒரு வில்லங்கம் மிச்சம் இருக்கிறது. 'கன்ஃபர்ம் வென் யூ வில் ரிசீவ் இட்' என்றால் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை உறுதி செய்யுங்கள் என்று பொருள். 'கன்ஃபர்ம் வென் யூ ரிசீவ் இட்' என்றால் கைக்கு வந்ததும் ஒரு வரி போடுங்கள் என்று பொருள். நீங்கள் கேட்க நினைத்தது இரண்டாவது என்றே ஊகிக்கிறேன். உங்கள் வரி 'ரிசீவ்' என்பதோடு நின்றுவிட்டது, அதற்குப் பின் ஒரு சொல் வேண்டும் என்று நான் 'இட்' போட்டேன். ஆனால் 'கூட்ஸ்' பன்மை. ஆகவே அந்த 'இட்'டும் போய் 'தெம்' வர வேண்டும். டெஸ்பாட்ச் பிரிவில் இருப்பவர் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம்: 'த கூட்ஸ் வேர் லோடட்', ஒருநாளும் 'வாஸ்' இல்லை.

இனி, உண்மையான தரத்தைச் சோதிக்கும் வழி. உங்கள் கம்ப்யூட்டரில் அனுப்பிய மெயில்கள் எல்லாம் கிடக்கின்றன. இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய பத்து மெயில்களைத் தாளில் அச்செடுங்கள். பழைய மெயிலாக இருக்க வேண்டும். நேற்று எழுதியதைப் படித்தால் என்ன சொல்ல நினைத்தோமோ அதுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது. யாரையும் கேட்காமல், செல்போனைத் தொடாமல், பென்சிலால் திருத்துங்கள். பிறகு அதே மெயில்களின் இன்னொரு படியை ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, இரண்டையும் அருகருகே வையுங்கள். நீங்களே கண்டுபிடித்தவை கைத்தவறு. உங்கள் பென்சில் தாண்டிப் போய், அவர் பேனா பிடித்தவைதான் அறியாமை. பிட் கோர்டர் என்ற மொழியியல் அறிஞர் 1967-ல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கைத்தவறுக்கு மருந்து நிதானம்: 'சென்ட்' அழுத்துவதற்கு முன் ஒருமுறை உதடு அசையப் படிப்பது. அறியாமைக்குத்தான் புத்தகம்.

பத்து மெயில்களில் எத்தனை தப்பு என்று எண்ணிப் பயந்துவிடாதீர்கள். எத்தனை வகை என்று பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களின் தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை சில வகைகள்தான். 'ஏ', 'ஆன்', 'த' என்ற ஆர்ட்டிகிள் விடுபடுவது. 'டிஸ்கஸ் அபௌட்' என்று 'பற்றி'யையும் சேர்த்து எழுதுவது. 'டிட் நாட் கோ' என்பதற்குப் பதில் 'டிட் நாட் வென்ட்'. 'ஒன் ஆஃப் அவர் கஸ்டமர்' என்று பன்மையை விடுவது. 'எக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபீட்பேக்ஸ்' என்று எண்ண முடியாததற்கு 'எஸ்' சேர்ப்பது. 'ஹி', 'ஷி' வந்தால் வினைச்சொல்லின் கடைசியில் ஒட்ட வேண்டிய அந்த ஒற்றை 'எஸ்'ஸை மறப்பது. இந்தக் கடைசித் தப்பு எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதியை மூன்று வயதிலேயே பிசகாமல் பேசுகிற நாம், ஆங்கிலம் கேட்கும் ஓர் எழுத்தில் தடுக்கி விழுகிறோம்.

ஆர்ட்டிகிளுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. தமிழில் அதற்கு நேரான சாமான் இல்லாததால் நமக்கு அதுதான் கடைசி வரை தொல்லை. ஆங்கில நாளிதழின் மதுரைப் பதிப்பில் உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி, வைகை, மாநகராட்சிக் கூட்டம், ஏதாவது ஒன்று. விஷயம் தெரிந்ததாக இருந்தால் மொழியை மட்டும் கவனிக்கலாம். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, ஒரு பத்தியில் உள்ள 'ஏ', 'ஆன்', 'த' எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விட்ட இடத்தில் இடைவெளியும் இல்லாமல், நெருக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கெங்கே எது வர வேண்டும் என்று நீங்கள் போட்டுவிட்டு, அச்சில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விடைத்தாள் பேப்பரிலேயே இருக்கிறது, செலவு இல்லை. சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் 1953-ல் அறிமுகப்படுத்தினார். அவர் இடைவெளி விட்டார். நான் இடைவெளி வேண்டாம் என்பது உங்கள் மெயிலிலும் இடைவெளி இருக்காது என்பதால். சில இடங்களில் நீங்கள் போட்டதும் சரி, பேப்பரில் இருப்பதும் சரி என்று வரும். அங்கே ஏன் என்று யோசிக்கும் ஐந்து நிமிடம், இருபது கேள்விகளைத் தொட்டுத் தள்ளுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

ரென் அண்ட் மார்ட்டினை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். நல்ல புத்தகம், ஆனால் அதை நாவல் மாதிரி வாசிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நவுன், புரோநவுன் தாண்டியதில்லை. உங்கள் பத்து மெயிலில் எந்த வகை அதிகமோ அந்த அத்தியாயத்தை மட்டும் திறங்கள். பள்ளியில் 'ராமா கில்டு ராவணா'வை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று மாற்றி மாற்றி எழுதியது போதும். பயிற்சி வாக்கியங்களில் உங்கள் சரக்கு, லாரி, இன்வாய்ஸ் வரட்டும். அதைவிட முக்கியமாக நான் சொல்வது, வெளிநாட்டு மாணவர்களுக்காக ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் போடும் கற்போர் அகராதிகளை. ஒரு பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா இல்லையா, ஒரு வினைச்சொல்லுக்குப் பின் 'இன்', 'டு', 'அபௌட்' போன்ற எந்த பிரிபொசிஷன் வரும் என்பதை அவற்றில் சொல்லுக்குப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். செல்போனிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் புத்தகமாகப் புரட்ட விருப்பம் இருந்தால், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரை புதுநத்தம் சாலையில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு நடை போய்வாருங்கள்.

விதி என்று யாராவது சொன்னதையெல்லாம் நம்ப வேண்டியதும் இல்லை. வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்பார்கள். ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1672-ல், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் நடையில் கண்ட குறை அது. ஆங்கிலேயர்கள் அன்றும் அப்படி முடித்தார்கள், இன்றும் முடிக்கிறார்கள். 'பட்' போட்டு வாக்கியம் தொடங்கக் கூடாது என்பதும் இதே ரகம். 'ஆவன செய்க' என்ற பொருளில் எழுதும் 'டூ த நீட்ஃபுல்' இலக்கணப் பிழை கிடையாது, பழைய சர்க்கார் ஆபீஸ் வாசனை அடிக்கிற தொடர். வெளிநாட்டுக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

டெஸ்டின் முடிவில் 'நீங்கள் சி1' என்று செல்போன் சான்றிதழ் காட்டினால் அதையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிநிலைகள் ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்டவை. கேட்டுப் புரிந்துகொள்வது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று அந்த மொழியில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை வைத்து வகுத்தவை. விடையைத் தொடுகிற விரலை வைத்து அதில் எழுத்துக்கான படியைச் சொல்ல முடியாது.

வகுப்பில் சேர்வது பற்றி: பணம் கட்டுவதற்கு முன், வாரத்துக்கு நான் எத்தனை பக்கம் எழுதித் தர வேண்டும், அதை யார் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் பன்னிரண்டாயிரம் பெரிய தொகை இல்லை. தினமும் ஆன்லைன் டெஸ்ட், முடிவில் சர்டிபிகேட் என்று பதில் வந்தால், அந்த டெஸ்டை நீங்கள் பஸ்ஸில் காசில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

மேலாளரிடம் கூச்சப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மெயிலைத் தினமும் பொறுமையாகப் படித்துக் கோடு போடுகிற ஒருவர் கிடைத்திருக்கிறார். ஆனால் 'சார், என்ன தப்பு?' என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாமல் போகலாம்; கோடு போடத் தெரிந்த எல்லோருக்கும் காரணம் சொல்லத் தெரிவதில்லை. நீங்களே திருத்தி எடுத்துக்கொண்டு போய், 'சார், யெஸ்டர்டே இருப்பதால் ஹேவை எடுத்துவிட்டேன், சரியா?' என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். முதல் மாதம் டென்ஸை மட்டும் இப்படிக் கேளுங்கள். ஆர்ட்டிகிள் அடுத்த மாதம்.