ராத்திரி மட்டும் ஸ்பீடு குறையுதா? மோடம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். நியூஜெர்சியில 200 எம்பிபிஎஸ் பிளான், 8 சேனல் (டேட்டா வர்ற பாதை) டாக்சிஸ் 3.0 (கேபிள் இன்டர்நெட்டுக்கான தரம்) மோடம், ராத்திரியானா வேகம் 60-க்கு இறங்குது, புதுசா 3.1 மோடம் வாங்கலாமான்னு கேட்டு எழுதியிருக்கீங்க. 3.1 வாங்குறதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரி லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரடியா மோடத்துல மாட்டி வேகத்தைப் பாருங்க. 200 வந்துச்சுன்னா குறை வைஃபைலயோ ரவுட்டர்லயோதான். மோடத்தை மாத்திப் பிரயோஜனமில்ல.

அதுலயும் குறைஞ்சா, பிரவுசர்ல 192.168.100.1 போடுங்க, மோடத்தோட சிக்னல் விவரப் பக்கம் வரும். டவுன்ஸ்ட்ரீம் பவர் (உள்ள வர்ற சிக்னலோட பலம்) -7-லிருந்து +7 டிபிஎம்விக்குள்ள, எஸ்என்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு தெளிவுங்கிற அளவு) 33 டிபிக்கு மேல இருந்தா நல்லது. 'அன்கரெக்டபிள்' (மோடத்தால சரிபண்ண முடியாத பிழைகள்) எண்ணிக்கை ரீஃப்ரெஷ் பண்ணப் பண்ண ஏறிக்கிட்டே போனா லைன்லதான் கோளாறு. டிவிக்குப் பிரியுற பழைய ஸ்ப்ளிட்டரைக் கழட்டிட்டு, கனெக்டரை நல்லா இறுக்கிப் பாருங்க. புது மோடம் வாங்கினாலும் இந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும், காசு வீணாப் போயிடும்.

சிக்னல் சுத்தமா இருந்தும் ராத்திரி மட்டும் படுத்துதுன்னா, அக்கம்பக்கத்து வீடுங்களும் அதே சேனல்களைப் பங்கு போடுது. ஒரு சேனலுக்குச் சுமார் 38 எம்பிபிஎஸ். எட்டும் சேர்ந்தா 300தான். 3.1 மோடம் 32 சேனலோட ஓஎஃப்டிஎம் சேனலையும் (3.1-ல வந்த, ரொம்ப அகலமான புது வகை சேனல்) பிடிக்கும், நெரிசல்ல நிஜமாவே உதவும். அப்போ தாராளமா வாங்குங்க. உங்க கேபிள் கம்பெனி அங்கீகரிச்ச மாடல் பட்டியல்ல அது இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க.