வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள்? உங்கள் தயக்கம் எப்படிப் போனது?

அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எனக்கும் தயக்கம் இருந்தது. காரணம் வயதும் அல்ல, பயமும் அல்ல. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ப்ரொஜெக்டர் நின்றுபோனால் அந்தப் பீரியடே போய்விடும். இரண்டு முறை அப்படி ஆனால் யாராக இருந்தாலும் சாக்பீஸைத்தான் எடுப்பார்கள். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருந்தது. எங்கள் வகுப்பறையிலோ ஜன்னலோரம் நின்றால்தான் சிக்னல்.

என் மனம் மாறியது ஏழாம் வகுப்பு மின்சாரப் பாடத்தில். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது நன்றாக எரியும் என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர், "முதல் பல்புதான் மிஸ். அது கரண்டைக் குடிச்சிட்டு மிச்சத்தைத்தானே அடுத்ததுக்கு விடும்?" என்றார்கள். தவறுதான், ஆனாலும் யோசித்துச் சொன்ன பதில். டார்ச் பல்புகளை மாட்டிக் காட்டினேன். கடையில் வாங்கும் இரண்டு பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லையே! இரண்டாவது கொஞ்சம் மங்கலாக எரிந்தது. "பாத்தீங்களா மிஸ்!" என்று ஒரே சத்தம்.

அன்றிரவு, கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கங்களில் மின்சுற்றுக்கானதை வீட்டிலேயே இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். அது இணையம் இல்லாமலும் ஓடும். மறுநாள் பதிலை முதலில் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் திரையில் போட்டேன். எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்கின்றன. முதல் பல்புக்கு முன்னும், இரண்டாவதற்குப் பின்னும் அதே வேகம். எதுவும் குறையவில்லை. இரண்டு பல்பும் ஒரே அளவில் எரிகின்றன. வகுப்பு அமைதியாகிவிட்டது. கரும்பலகையில் நான் எத்தனை அம்புக்குறி போட்டாலும் இதைக் காட்டியிருக்க முடியாது.

"அப்போ நேத்து ஏன் மங்கலா எரிஞ்சது?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே மேசைக்கு வந்து, நிஜ பல்புகள் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். இப்போது முதல் இடத்துக்கு வந்த பல்புதான் மங்கலாக எரிந்தது. "இடம் இல்ல மிஸ், பல்புதான்!"

தயங்கும் ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் வகுப்பறையைப் பற்றிப் பொதுவாக வகுப்பெடுத்துப் பயனில்லை. பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரே ஒரு பாடத்தைக் கேட்டு, அதற்கு உதவும் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். முதல் நாள் வகுப்பில் கூடவே நில்லுங்கள். எனக்கு ப்ரொஜெக்டர் வயரைச் சரிபார்த்துக் கொடுத்தது பக்கத்து வகுப்புக் கணக்கு சார்தான்.