சாவோ பாவ்லோவில் வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வாகன உதிரிபாக நிறுவனத்தில் இன்ஜினியராக இருக்கிறேன். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இரண்டு வருட வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தை ரூபாயில் கணக்குப் போட்டால் இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. மனைவி அக்கவுண்டன்ட், மகளுக்கு ஆறு வயது. மூவரும் சைவம், போர்ச்சுகீசு யாருக்கும் தெரியாது. திருட்டு, துப்பாக்கி என்று கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது. போகலாமா?"

போகலாம். ஆனால் நீங்கள் திருட்டை நினைத்துப் பயப்படுகிறீர்கள், சம்பளத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறீர்கள். எனக்கென்னவோ இது தலைகீழாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த ஊருக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு யோசனை சொல்வதுதான் என் வேலை. பாதியில் மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கையில் காசு மிஞ்சவில்லை என்றோ, வீட்டில் இருப்பவருக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்றோதான் கிளம்புகிறார்கள்.

முதலில் சம்பளம். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள், உங்கள் செலவு பிரேசில் நாணயமான ரியாலில்தான் ஆகப்போகிறது. வருமான வரியின் மேல் அடுக்கு 27.5 சதவீதம், அதற்கு முன்னாலேயே சமூகப் பாதுகாப்புக்கு ஒரு பிடித்தம் உண்டு. ஆகவே கம்பெனியிடம் கையில் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை சிஎல்டி முறையிலா என்பதையும் கேளுங்கள். அந்த நாட்டின் தொழிலாளர் சட்டப்படி நடக்கும் முறையான வேலை அது. வருடத்துக்கு 13-வது மாதச் சம்பளம் உண்டு, 30 நாள் விடுமுறை உண்டு, அந்த விடுமுறைச் சம்பளத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் தருவார்கள், இதுபோக மாதாமாதம் சம்பளத்தில் 8 சதவீதத்தை உங்கள் பெயரில் இருக்கும் ஒரு நிதியில் கம்பெனி தன் கையிலிருந்து போட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் பலர் தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் பதிவு செய்து பில் போட்டு வேலை செய்கிறார்கள், அதை பிஜே என்பார்கள். அதில் மேலே சொன்ன எதுவும் கிடையாது. வேலை ஒப்பந்தத்தை நம்பி விசா வாங்குகிற உங்களுக்கு அது ஒத்துவராது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வாடகையில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகைக்கு மேல் அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம் தனி, அந்த ஊர் சொத்து வரி தனி, இரண்டையும் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் கட்டுவார்கள். கூட்டிப் பார்த்தால் சில கட்டிடங்களில் வாடகையில் பாதி அளவுக்கே வந்துவிடும். அப்புறம் உத்தரவாதம் கேட்பார்கள். சொத்து வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று காப்பீடு எடுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் முன்பணம். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெங்களூரில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வந்த புதிதில் உங்களுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? கம்பெனி நிற்குமா என்று இப்போதே கேளுங்கள். ஒப்பந்தம் வழக்கமாக 30 மாதத்துக்குப் போடுவார்கள், நீங்கள் இரண்டு வருடத்தில் கிளம்புகிறவர். முன்கூட்டிக் காலி செய்தால் அபராதம் உண்டு, ஆனால் முதலாளி உங்களை வேறு ஊருக்கு மாற்றினால், 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறலாம். மாற்றல் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இடம் என்று பார்த்தால் விலா மரியானா, மொஎமா, பின்யெய்ரோஸ், பெர்திசெஸ் பக்கம் குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அலுவலகம் எங்கே என்று தெரியாமல் பேட்டையை முடிவு செய்யாதீர்கள். நெரிசல் அந்த அளவுக்கு. வார நாட்களில் காலையும் மாலையும் நகரின் மையப் பகுதியில் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து வாரம் ஒரு நாள் உங்கள் காரை ஓட்டவே விடமாட்டார்கள். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள், கார் இல்லாமலே சமாளிக்கலாம்.

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். பயத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, சரியான இடத்தில் வையுங்கள் என்கிறேன். கொலைக் குற்றம் பிரேசிலின் மற்ற பல பெருநகரங்களைவிட சாவோ பாவ்லோவில் குறைவு. உங்களுக்கு நேரக்கூடியது கைபேசிப் பறிப்பு. பாவ்லிஸ்டா அவென்யூவில் மெட்ரோ படியேறி வெளியே வந்து, டாக்சி எங்கே நிற்கிறது என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் நிற்பீர்கள், பின்னாலிருந்து சைக்கிளில் வருகிறவன் வேகம் குறைக்காமல் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடுவான். பூட்டாமல் திறந்திருக்கும் கைபேசிதான் அவனுக்கு வேண்டும், ஏனென்றால் அதில் வங்கிச் செயலி இருக்கிறது. நம் யுபிஐ மாதிரி அங்கே பிக்ஸ், 2020 நவம்பரில் மத்திய வங்கி கொண்டுவந்தது, நொடியில் பணம் போய்விடும். அதனால் பிக்ஸ் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள், பெரிய தொகை இருக்கும் கணக்கை வீட்டில் இருக்கும் இன்னொரு கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்சி கூப்பிட கடைக்குள் போய் நில்லுங்கள். யாராவது மிரட்டிக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஊரை ரசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதே பாவ்லிஸ்டாவில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், பாட்டும் சைக்கிளுமாகத் தெரு நிறைந்திருக்கும். உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாப்பாடு சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். தினசரி உணவே சோறும் பீன்ஸ் குழம்பும்தான். தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் உணவகங்களில் அந்தப் பீன்ஸில் பன்றிக்கொழுப்போ சாசேஜோ கிடக்கும், மரவள்ளி மாவு வறுவலிலும் அப்படியே, கேட்டுவிட்டுப் போடுங்கள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வரும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு வெண்டைக்காய், சௌசௌ, மரவள்ளி, பலா, மாம்பழம் எல்லாம் வாரச் சந்தையில் கிடைக்கும், பருப்பும் மசாலாவும் வேண்டுமானால் மத்தியச் சந்தைக்குப் பக்கத்துத் தானியக் கடைத்தெரு. முருங்கைப் பொடி மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள், முருங்கை சேர்த்த உணவுப் பொருட்களை அந்நாட்டு அரசு 2019-இல் தடை செய்துவிட்டது.

பள்ளிதான் உங்கள் கணக்கைப் புரட்டிப் போடும். ஆங்கில வழி சர்வதேசப் பள்ளிகளின் கட்டணத்தைக் கம்பெனி கட்டாவிட்டால் அந்த இரண்டு மடங்குச் சம்பளம் அங்கேயே கரைந்துவிடும். கட்டமாட்டார்கள் என்றால் உள்ளூர் தனியார் பள்ளியில் சேருங்கள், ஆறு வயதுக் குழந்தைக்கு மொழி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடியும், அதற்கேற்பப் பயணத்தை வையுங்கள். மருத்துவத்துக்கு அரசின் இலவச சேவை வெளிநாட்டவருக்கும் உண்டு, இருந்தாலும் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் மூவர் பெயரும் இருக்க வேண்டும். பெரிய குழுவென்றால், தகுதி வந்த 30 நாளுக்குள் சேர்ந்துவிட்டால் காத்திருப்புக் காலம் கிடையாது.

உங்கள் மனைவியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குடும்ப இணைப்பு அனுமதியில் வருகிறவர் அங்கே வேலை செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் போர்ச்சுகீசு இல்லாமல் கணக்கு வேலை கிடைப்பது கஷ்டம், வாயிற்காவலரோடும் மருந்துக்கடையிலும்கூட ஆங்கிலம் ஓடாது. நீங்கள் அலுவலகத்தில் எப்படியோ சமாளித்துவிடுவீர்கள், பகல் முழுக்க அந்த மௌனத்தில் இருக்கப்போவது அவர். அம்மாவோடு பேசலாம் என்றால் இந்தியா எட்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மதியம் மூன்று என்றால் இந்தியாவில் நள்ளிரவு ஆகப்போகிறது. ஆகவே மொழி வகுப்புக்கான செலவை, அவருக்கும் சேர்த்து, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், இன்றே இருவரும் படிக்கத் தொடங்குங்கள். அவர் மனசார சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், மனைவியின் பட்டம் எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்குங்கள், அங்கே போனபின் உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் போர்ச்சுகீசில் மாற்ற வேண்டியிருக்கும். இறங்கிய 90 நாளுக்குள் ஃபெடரல் போலீஸில் பதிவு செய்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிபிஎஃப் என்ற வரி எண்ணை அதற்கும் முன்னாலேயே எடுங்கள், அது இல்லாமல் சிம் கார்டு வாங்குவதே பெரும்பாடு. வேலை ஒப்பந்த விசாவில் வந்தால் வந்த நாளிலிருந்தே வரிக்கு அந்நாட்டுவாசி நீங்கள், கோவை வீட்டு வாடகை வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும், இரு நாட்டு வரி ஒப்பந்தம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு மூவரும் போட்டுக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரேசிலிலிருந்து நேராக ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.