அப்பத்தாவின் வாழ்க்கையை நினைவு மலராகத் தொகுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அப்பத்தா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவர் வாழ்க்கையை ஒரு சின்ன மலராகப் போட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதினாறாம் நாளுக்குள் அச்சடிக்காதீர்கள். அவசரத்தில் போடும் மலரில் 'குலவிளக்கு', 'அன்பின் இலக்கணம்' தவிர ஒன்றும் இருக்காது; பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அன்றைக்குப் படம் போட்ட ஒற்றை அட்டை போதும். மலரை முதலாம் ஆண்டுத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாளில் செய்ய வேண்டிய வேலை வேறு. அவருடன் பிறந்தவர்கள், நாத்தனார், ஓரகத்தி, பழைய பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவது அன்றுதான். சாப்பாடு முடிந்து ஆள் கலைவதற்குள் ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், வயசானவர்கள் குரல் காற்றுச் சத்தத்தில் கேட்காது. கூட்டமாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வது மட்டுமே பதிவாகும்.

"அப்பத்தா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்கப்பா" என்பதோடு முடிந்துவிடும். "விடிஞ்சதும் முதல்ல என்ன வேலை பார்ப்பாங்க? நெல் அவிக்க எத்தனை பேரு? சீட்டுக் காசை எங்க முடிஞ்சு வைப்பாங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு நடுவே ஐந்தாறு வருஷ இடைவெளி இருந்தால், தவறிப்போன குழந்தை இருந்திருக்கலாம். அதை ஒரு பெண், ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்கட்டும். பெயர் வைத்த பிள்ளை என்றால், குடும்பத்தார் சம்மதித்தால், அந்தப் பெயரும் மலரில் வர வேண்டும்.

தேதிகளில்தான் அதிகம் தப்பு நடக்கும். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ இருந்தால் நம்பாதீர்கள். தேதி தெரியாதவர்களுக்கு அப்படிப் போட்டுவிடுவது வழக்கம். ஜாதகம் இருந்தால் எடுங்கள். (ஜாதகத்தை நம்பச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பிறந்த நேரத்தை ஒட்டி எழுதப்பட்டிருந்தால் அது ஓர் ஆவணம்.) தாரண வருஷம் மாசி மாதம் என்று இருந்தால் 1944 என்று எழுதிவிடுகிறார்கள். தாரண 1944 சித்திரையில் தொடங்கியது. அதன் மாசி 1945 பிப்ரவரி நடுவில்தான் பிறக்கும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் இந்தக் கணக்குதான்.

எழுத்தில் எதுவும் இல்லையென்றால் ஊரறிந்த சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி. எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. "அண்ணா செத்தப்போ உங்கப்பன் கைப்பிள்ளை" என்று யாராவது சொன்னால் அது நல்ல தடயம். அணாவில் கணக்குச் சொன்னால் மட்டும் நிதானியுங்கள். புதுப்பைசா 1957 ஏப்ரல் 1இல் வந்த பிறகும் அணா கொஞ்ச காலம் புழங்கியது.

பெட்டியில் மொய் நோட்டு இருந்தால் விடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்று அந்தக் குடும்பத்தின் உறவு வட்டமே அதில் இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். இது எனக்குத் தீராத ஆதங்கம். பத்திரத்திலும் 'இன்னார் மனைவி', கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் தாத்தா பெயர் கொட்டை எழுத்தில். உங்கள் மலரின் அட்டையிலாவது அவர் பெயர் தனியாக, பெரிதாக நிற்கட்டும். பிறந்த வீட்டையும் அவருடைய அப்பா அம்மா பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சமையல் குறிப்பு சேர்ப்பதென்றால், 'ஒரு கை', 'கண்ணளவு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அவர் பக்கத்தில் நின்று சமைத்த மருமகளைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, புளி ஜாடி மூன்றையும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். குறைந்த கிராம்தான் அளவு. நடுவில் மருமகள் கையை நிறுத்தி அளந்தால் கைப்பக்குவம் மாறிவிடும்.

படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அப்போது 2×3 அங்குலப் படத்தை 4×6 அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிரேமைக் கழற்றிக் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் போடலாம். வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கி, பட்டுப்புடவை மாட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாம்படம் தொங்கிய காதும் நூல் சேலையும்தான் உங்கள் அப்பத்தா.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்; ஏ4 தாளை மடித்த அளவில் 16 பக்கம் தாராளம். போனில் அடித்த தமிழை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, கொ, கோ எல்லாம் உடையும். அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பை வாங்கி, மூத்த அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். உறவுமுறையில் தப்பு இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.