அம்மாவுக்கு விசா வரும், குழந்தைக்கு?

கேள்வி: எனக்கு வயது 31. பிறந்தது வாலாஜாபேட்டை, வாழ்க்கைப்பட்டது குடியாத்தம். 2021 பிப்ரவரியில் இரத்தினகிரி முருகன் கோயிலில் திருமணம் நடந்தது. என் வீட்டுக்காரர் 2020 முதல் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறார். நாங்கள் திருமணத்தைப் பதிவு செய்யவே தாமதமாகிவிட்டது. 2023 நவம்பரில்தான் எனக்காக ஐ-130 என்ற குடும்பக் குடியேற்ற மனு போட்டார். அது ஒப்புதல் ஆகிவிட்டது. ஆனால் 'உங்கள் தேதி இன்னும் வரவில்லை' என்கிறார்கள். எங்கள் மகளுக்கு மூன்று வயது. செல்போனைக் காட்டி "அப்பா உள்ள இருக்காரு" என்று சொல்கிறாள். மனு போட்டதுமே பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டேன். "இன்னுமா போகல?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். சென்னையில் ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? அதுவரை டூரிஸ்ட் விசாவில் போய் வரலாமா? என் கணவர் குடியுரிமை நேர்காணல் முடித்து, உறுதிமொழி நாளுக்காகக் காத்திருக்கிறார். அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான். கணவருக்குக் குடியுரிமை வந்தால் உங்கள் விசா வேகமாக நகரும். ஆனால் உங்கள் மகள் பின்தங்கிவிடுவாள். இதற்கு இந்த மாதமே ஒரு வேலை செய்தாக வேண்டும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்குப் போடும் மனு எஃப்-2ஏ வகை. அதில் குழந்தைக்குத் தனி மனு தேவையில்லை. தாயின் மனுவிலேயே 'டெரிவேட்டிவ்' என்று ஒட்டிக்கொண்டு வரும். கணவர் உறுதிமொழி எடுத்த நிமிடமே உங்கள் மனு அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்ற வகைக்கு மாறுகிறது. இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, தேதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அதுவரை நல்ல சேதிதான். ஆனால் இந்த வகையில் டெரிவேட்டிவ் என்பதே இல்லை. குழந்தைக்குத் தந்தை தனியாக ஐ-130 போட்டால்தான் அவளுக்கு விசா. போடாமல் விட்டால், உங்கள் நேர்காணல் கடிதம் வரும் நாளில் மகளின் பெயரில் ஒரு காகிதம்கூட இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் சத்துவாச்சாரியில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். மஞ்சப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய குடியேற்ற விசா ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பையன்களுக்கும் எதுவும் இல்லை. கணவருக்கு அங்கே படிவம் நிரப்பிக் கொடுத்தவர், குடியுரிமை வந்த பிறகும் பிள்ளைகள் தாயோடு வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். தாயின் விசாவுக்கு ஆறு மாத ஆயுள்தான். அந்தப் பெண் போய் இறங்கினார், கார்டு வாங்கினார், திரும்பி வந்து பிள்ளைகளோடு இருந்தார். மீண்டும் போனார். இப்படியே ஒன்றரை ஆண்டு ஓடியது. சின்னவன் அம்மாவின் புடவையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்குவதாக அவன் பாட்டி சொன்னபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் குழந்தை இருக்கிறதா என்பதை யார் வந்தாலும் முதலில் கேட்கிறேன்.

உங்கள் கணவர் உறுதிமொழி நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிரீன் கார்டில் இருக்கும்போதே மகளுக்குத் தனி ஐ-130 இப்போதே போடலாம். உறுதிமொழி எடுத்ததும் அதுவும் தானாகக் குடிமகனின் குழந்தை என்ற வகைக்கு மாறிவிடும். பிறகு குடியுரிமைச் சான்றிதழின் நகலை, உங்கள் கோப்பு இருக்கும் தேசிய விசா மையத்துக்கு, அதாவது என்விசிக்கு, அனுப்பி உங்கள் வகையை மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டு கோப்புகளும் சேர்ந்து, நேர்காணல் நடக்கும் மும்பைத் துணைத் தூதரகத்துக்குப் போகும்படி, மகளின் மனு ஒப்புதல் ஆகும்வரை உங்கள் ஆவணங்களைச் சமர்ப்பிப்பதைச் சற்று நிதானப்படுத்தலாம். ஆனால் என்விசியிடமிருந்து அறிவிப்பு வந்த பிறகு ஓராண்டுக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் மனுவையே முடித்துவைக்க அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஸ்பேம் பெட்டியில் கிடந்த ஒரு மின்னஞ்சலால் கோப்பு இழந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்குள் தகுந்த காரணம் காட்டினால் மீட்க வழி உண்டு, ஆனால் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தந்தை குடிமகனாக இருந்து, 18 வயதுக்குள் குடியேற்ற விசாவில் போய் அவரோடு வாழும் குழந்தை, அங்கே இறங்கியதும் சட்டப்படி அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுகிறாள். உங்களுக்கும் திருமணமாகி இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால், இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு கிடையாது. நேராகப் பத்து ஆண்டுக் கார்டுதான்.

சரி, மகளின் மனுவுக்கு வேண்டிய முதல் காகிதம் பிறப்புச் சான்றிதழ். அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பாதிச் சான்றிதழ்களில் பெயர் இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். மருத்துவமனையில் பெயர் வைக்கும் முன்னே பதிந்ததோடு விட்டுவிடுகிறோம். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கலாம், ஓராண்டு தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் எங்கே போக வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். மகள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பிறந்திருந்தால், குடியாத்தம் நகராட்சியில் எத்தனை நாள் வரிசையில் நின்றாலும் கிடைக்காது, வேலூர் மாநகராட்சிக்குத்தான் போக வேண்டும். தந்தை பெயரின் எழுத்துகள் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

உங்கள் பிறப்புச் சான்றிதழில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருந்தால் பதறாதீர்கள். 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது வந்த பெயர் அது. பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019ல் வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. ஊர் நகரவில்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தில் சான்றிதழில் உள்ள ஊர்ப்பெயரையே எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் இந்த வரலாற்றை நாலு வரியில் சொன்னால் போதும். அப்புறம் ஒன்று: எந்தச் சான்றிதழையும் லேமினேஷன் செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா? நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, முதல் பெயர் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எஃப்என்யு' என்று அச்சிடுவார்கள். போன பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்திலும் அது தொடரும். டிஎஸ்-260 நிரப்பும் முன்பே கணவருடன் பேசி, பாஸ்போர்ட்டை மறு வெளியீடு செய்து சர்நேம் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். நடுவழியில் மாற்றினால் குழப்பம்.

வழக்குக்கு வருகிறேன். உயர் நீதிமன்றம் அரசமைப்பின் 226ஆம் பிரிவில் நம் அரசு அலுவலகங்களுக்கு 'ரிட்' எனும் உத்தரவு போடும். அமெரிக்கத் துணைத் தூதரகம் நம் அரசின் அங்கம் அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டு அரசின் மீது இங்கே வழக்கே தொடுக்க முடியாது. 'ரிட் போட்டால் விசா வரும்' என்று யாராவது கட்டணம் வாங்கினால், அந்தப் பணம் வீண். ஆனால் அந்த ரிட் உங்களுக்குப் பயன்படும் இடம் வேறு. பாஸ்போர்ட் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், நகராட்சி ஆகியவை காரணமில்லாமல் உங்கள் சான்றிதழை மாதக்கணக்கில் தராமல் இழுத்தால், உயர் நீதிமன்றம் கேட்கும். முதலில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

அமெரிக்காவில் உங்கள் கணவர் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில், அதிகாரியைத் தன் வேலையைச் செய்யச் சொல்லும் 'மேண்டமஸ்' வழக்குப் போடலாம். ஆனால் அது அதிகாரிகள் காரணமின்றிக் கிடப்பில் போட்ட கோப்புக்குத்தான். எஃப்-2ஏ தேதி வராதது அதிகாரியின் சோம்பலால் அல்ல. குடும்ப வகை விசாக்களுக்கு அந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 2,26,000 என்று அளவு வைத்திருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் குடும்பங்களுக்கு அதில் ஏறத்தாழ 1,14,200. கேட்பவர்கள் அதைவிட அதிகம், அதனால் வரிசை. ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா புல்லட்டினில், எஃப்-2ஏ வரியில் உள்ள தேதி உங்கள் 2023 நவம்பர் தேதியைத் தாண்டினால்தான் உங்கள் முறை. எந்த நீதிபதியும் வரிசையை உடைக்க மாட்டார்.

இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை எஃப்-2ஏ வகைக்கு வரிசையே இல்லை. 2023 ஏப்ரலில்தான் தேதி பின்னுக்குப் போனது. திருமணப் பதிவைத் தள்ளிப்போட்டதன் விலை அது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் 90 நாள் கெடு வைக்கிறது, அதற்கு மேல் கட்டணத்தோடு 60 நாள். கோயில் ரசீதும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஜமாஅத் தரும் நிக்காஹ் சான்றும் அந்தப் பதிவுக்கு ஆதாரம்தானே தவிர, பதிவாளர் சான்றிதழுக்கு ஈடாகாது. தாலி கட்டிய அல்லது நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பிப்பது குற்றமல்ல. ஆனால் குடியேறும் எண்ணம் இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும் ஒருவருக்கு அது மிகக் கடினம். 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?' என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. அதில் 'இல்லை' என்று எழுதினால் பொய்த் தகவல் என்ற காரணத்தில் வாழ்நாள் தடை வரலாம். ஏஜென்ட் இதைத்தான் 'ஐடியா' என்று சொல்வார். கேட்காதீர்கள்.

அந்த மூன்று லட்சத்தையும் மறந்துவிடுங்கள். என்விசிக்குக் கட்ட வேண்டியது விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், நிதி ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர். இரண்டும் இணையத்தில் நேரடியாகத்தான் கட்ட முடியும். பணம் வாங்கிக்கொண்டு வேகப்படுத்தும் கதவு எங்கும் இல்லை. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதும் வாட்ஸாப் உரையாடலும் எடுத்துக்கொண்டு வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடிக்கானது.

உண்மையில் வேகப்படுத்த ஒரே வழி, உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை போன்ற அவசரத்தைக் காட்டி என்விசியிடம் 'எக்ஸ்பெடைட்', அதாவது முன்னுரிமை, கேட்பது. அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட, நோயையும் அவசரத்தையும் தெளிவாகச் சொல்லும் கடிதம் வேண்டும். பிரிவின் ஏக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது போதாது என்பார்கள். கோப்பு நகராமல் கிடந்தால், கணவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உள்ள தன் பகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதி விசாரிக்கச் சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

காவல்துறைச் சான்று, அதாவது பிசிசி, பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாயில் கிடைக்கும். என்விசி அதை இரண்டு ஆண்டுதான் ஏற்கும் என்பதால், இப்போதே எடுத்து வைத்து வீணாக்காதீர்கள். உங்கள் கதைக்கு இது இல்லை, ஆனால் 16 வயதுக்குப் பிறகு சவுதியிலோ குவைத்திலோ ஓராண்டுக்கு மேல் இருந்த வாசகர்களுக்கு அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் அப்படித்தான், நேர்காணல் தேதி வந்த பிறகு செய்தால் போதும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். நேர்காணல் மட்டும் மும்பையில்.

கடைசியாக வேலை. மனு போட்டதும் வேலையை விடும் பழக்கத்தை இந்த ஊரில் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் சும்மா இருப்பதால் விசா அதிகாரியிடம் ஒரு மதிப்பெண்ணும் கூடிவிடாது. பழைய பள்ளியிலோ வேறு பள்ளியிலோ திரும்பச் சேருங்கள். சம்பளச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும், அந்த அனுபவச் சான்றிதழ் அங்கேயும் பயன்படும். கல்யாண வீடுகளுக்கும் போங்கள். யாராவது கேட்டால், "வரிசை நகர்றப்போ போவேன்" என்று சொல்லிவிட்டு இலையில் உட்காருங்கள். கணவர் அனுப்பும் பணத்தின் வங்கிப் பதிவு, அவர் வந்துபோன விமானச் சீட்டுகள், மகளோடு எடுத்த படங்கள், அழைப்புப் பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், நேர்காணலில் இவைதான் உங்கள் திருமணத்துக்குச் சாட்சி.

முதலில் மகளின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, உங்கள் இருவரின் ஆதார், பாஸ்போர்ட் நகல்களோடு பதிவு இருக்கும் அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்து கணவருக்கு அனுப்புங்கள். மகளின் மனுவுக்கு ரசீது எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு உங்கள் கோப்பை எப்போது நகர்த்துவது என்று சொல்கிறேன்.