சுரங்கத்தில் தண்ணீரும் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கேள்வி: சார், சுரங்கத்துக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு?

பதில்: பாறையை உடைக்க அதிகம் வேண்டாம், உலோகத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். பல செம்புச் சுரங்கங்களில் இன்று ஒரு டன் பாறைக்குப் பத்துக் கிலோ செம்புகூடத் தேறுவதில்லை. பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரையில் செம்பை ஒட்டவைத்து வழித்தெடுக்கிறார்கள். மிச்சமெல்லாம் சேறாகக் கழிவு அணைக்குப் போகும். கொஞ்சம் தண்ணீர் திரும்ப வரும். மீதி சேற்றிலேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: தலைப்பிலேயே தண்ணீரையும் பாதுகாப்பையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு துறை இல்லையா?

பதில்: ஆபீஸில் வேறு வேறு, சுரங்கத்தில் ஒன்றுதான். பிரேசிலின் புருமாடின்ஹோ ஊரில் இருந்த இரும்புச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரம். 86 மீட்டர் உயரக் கழிவு அணை சரிந்தது. அந்த அணைக்குக் கீழேதான் கேண்டீனும் ஆபீஸும் இருந்தன. சுமார் 270 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்கள். இத்தனைக்கும் 2016க்குப் பிறகு அந்த அணையில் புதுக் கழிவு கொட்டவில்லை. ஆனாலும் உள்ளே ஈரம் வடியவில்லை. பார்க்கக் கெட்டியாக இருந்த மண் நொடிகளில் குழம்பாகி ஓடியது. முதலில் கேட்க வேண்டியது, தண்ணீரை ஏன் அங்கே விட்டுவைத்தார்கள் என்பதுதான். தண்ணீர் சும்மா கிடைக்கிறது என்று நினைக்கும் இடத்தில் அதைப் பிழிந்தெடுக்க யார் செலவு செய்வார்கள்?

கேள்வி: பிழிந்தெடுக்க முடியுமா என்ன?

பதில்: முடியும். சேற்றை வடிகட்டி அழுத்தினால் ஈரமண் மாதிரி ஆகிவிடும். லாரியில் அள்ளிப்போய்ப் பரப்பி, உருளையால் இறுக்கலாம். கரண்ட் செலவு அதிகம். மழை கொட்டும் இடங்களில் சிரமம். ஆனால் 'கட்டுப்படியாகாது' என்று சொல்பவர்களின் கணக்கில் தண்ணீருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாகப் பூஜ்யம்தான்.

கேள்வி: கடல்நீரைப் பயன்படுத்தலாமே?

பதில்: பயன்படுத்துகிறார்களே. சிலியின் எஸ்கொண்டிடா சுரங்கம் கடல்நீரைச் சுத்திகரித்து 3,000 மீட்டருக்கு மேல் ஏற்றுகிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கொடுத்து மலையேற்றும்போது குழாய் ஒழுகுவது தானாகவே கண்ணில் படும்.

கேள்வி: எங்கள் சுரங்கத்தில் தண்ணீர்ச் சிக்கனம் என்று சொல்லித் துளையிடும்போது தண்ணீர் விடுவதைக் குறைத்துவிட்டார்கள். சரியா?

பதில்: சரியே இல்லை. துளைக்கம்பி வழியாக நுனிக்குப் போகும் தண்ணீர்தான் தூசியைக் கிளம்பும் இடத்திலேயே பிடிக்கிறது. பாறையிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டால் சரிசெய்ய மருந்து கிடையாது. சிக்கனம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன: லாரி ஓடும் பாதையில் தூசி அடங்கத் தெளிக்கச் சுத்திகரித்த பழைய தண்ணீரே போதும். ஆனால் அதைப் பூமிக்கடியில் பனிபோலத் தெளிக்காதீர்கள். அதிலுள்ள கிருமியும் மூச்சில்தான் போகும்.

கேள்வி: ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வரலாமா?

பதில்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1995ஆம் ஆண்டு 176ஆவது ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது: நியாயமான காரணத்தோடு பெரிய ஆபத்து தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகலாம். உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஷிப்ட் நின்றால் சூப்பர்வைசரின் போனஸ் குறையுமா? குறையும் என்றால், சுவரில் எத்தனை பாதுகாப்பு போஸ்டர் ஒட்டினாலும் அவர் உங்களை நிறுத்த விடமாட்டார்.