சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா?

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, உதவிப் பேராசிரியர் பணிக்கான சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியோ ஆய்வுப் பணியோ தேடுபவர் எங்கே பார்க்க வேண்டும்? சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: மத்தியப் பல்கலைக்கழகங்களின் காலியிடங்களை, 2023-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொடங்கிய 'சியூ சயன்' தளத்தில் பார்க்கலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தத்தம் இணையதளங்களில் தனித்தனியே அறிவிக்கின்றன. ஆய்வுத் திட்டப் பணிகளுக்குப் பெரிய விளம்பரம் வருவதில்லை என்பதால், உங்கள் துறையில் திட்ட நிதி பெற்றிருக்கும் பேராசிரியர்களுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

சிபாரிசு பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன்: சிபாரிசுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது பணி நியமன விதியேதான். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கு முனைவர் பட்டத்துக்கு 30, நெட்டுக்கு 5, அதுவே ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தகுதியுடன் என்றால் 7, ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10, கற்பித்தல் அல்லது முதுமுனைவர் ஆய்வு (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வு) அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை என்று, இளநிலை, முதுநிலை மதிப்பெண்களையும் சேர்த்து, 100-க்குக் கணக்கிடுகிறார்கள். இத்தனையும் நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்வதற்கு மட்டுமே. அறைக்குள் நுழைந்த பிறகு 90 பெற்றவரும் 65 பெற்றவரும் சமம். நேர்முகத்தில் என்ன நடக்கிறதோ அதை வைத்தே பணி. அந்த அறையில் தலைமை வகிப்பவர் துணைவேந்தர் அல்லது அவர் நியமிப்பவர். ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து பாட வல்லுநர்கள் மூவரைத் தேர்ந்தெடுப்பவரும் துணைவேந்தரே. ஒருவரிடம் இவ்வளவு அதிகாரத்தைக் குவித்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார்களே என்று வருந்துவதில் பொருளில்லை.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு எழுத்துத் தேர்வுக்கு 200, நேர்முகத்துக்கு 30 என்று தமிழக அரசு வகுத்த முறை இதைவிட நேர்மையானது. ஆராய்ச்சித் திறனை எழுத்துத் தேர்வால் அளக்க முடியாது என்று பல்கலைக்கழகத்தார் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விண்ணப்பதாரரின் கட்டுரைகளை வெளியூர் அறிஞர்கள் படித்து மதிப்பிடட்டும். அந்த மதிப்பீட்டையும் நேர்முக மதிப்பெண்ணையும் பல்கலைக்கழகம் பொதுவில் வைக்கட்டும். இதைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

சிபாரிசு இல்லாமல் பணி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் யாரையும் போய்ப் பார்க்காதீர்கள், பணம் கேட்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு ஒரு முதுமுனைவர் ஆய்வுப் பணியில் சேருங்கள்; ஆண்டுக்கு 2 மதிப்பெண்ணும் ஓரிரு நல்ல கட்டுரைகளும் சேர்ந்தால் நேர்முக அழைப்பு உறுதிப்படும். அழைத்த பிறகு உங்களை விலக்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மதிப்பெண்ணையும் தேர்வானவரின் மதிப்பெண்ணையும் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.